புதுச் சாமான் எப்படிக் கெடும்?

பந்திங்கில் கணினி பழுதுபார்த்துப் பிழைக்கிறவன் நான். அடியோடு உயிர் போன கணினியைத் தூக்கிக்கொண்டு வருபவரைக் கண்டால் எனக்குப் பயமில்லை. மீட்டரை எடுத்து, மின்சாரம் எதுவரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் அன்றைக்கே விடை கிடைத்துவிடும். "அண்ணே, போன வாரந்தான் வாங்கினேன். நல்லாத்தான் ஓடுது. ஆனா எப்பவாவது ஒரு தடவ அப்படியே நின்னுருது" என்று சொல்பவர்தான் என் தூக்கத்தைக் கெடுப்பவர். என் மேசைக்கு வந்ததும் அந்தக் கணினி சமர்த்தாக ஓடும். வீட்டுக்குப் போனதும் நிற்கும். விற்ற கடைக்காரரைக் கேட்டால், "பாராங் பாரு, மானா போலே ரோசாக்?" என்பார். புதுச் சாமான், எப்படிக் கெடும் என்று நம்மையே திருப்பிக் கேட்பார். இந்த வட்டாரத்தில் பழுதுபார்த்தவர்களின் வரலாறு முழுக்க அந்தக் கேள்விக்குத் தேடிய பதில்தான்.

பந்திங் கிள்ளானுக்குத் தெற்கே, லங்காட் ஆற்றோரம் இருக்கும் டவுன். சுற்றிலும் சுங்கை சீடு, புரூக்லண்ட்ஸ், ஜுக்ரா, மோரிப் என்று தோட்டங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேரித் தீவு. கித்தா மரம் போய்ச் செம்பனை வந்த காலத்தில்தான் லயத்து வீடுகளில் டிரான்சிஸ்டர் வானொலி பெருகியது. என் பெரியப்பா காலையில் தோட்ட வேலை, மாலையில் வானொலி வேலை என்று இருந்தவர். தோட்டத்து ஜெனரேட்டர் ஓடும் அந்தச் சில மணிநேரத்துக்குள் ஈயப்பற்று வைக்கும் இரும்பைச் சூடாக்கி வேலையை முடித்தாக வேண்டும். அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், பாடாத வானொலியைவிடப் பாடிப் பாடி நிற்கும் வானொலிக்குத்தான் அதிகக் கூலி கேட்க வேண்டும் என்பது.

1963 டிசம்பர் 28-இல் மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. சரியாக 15 ஆண்டு கழித்து, 1978 டிசம்பரில், வண்ணம் வந்தது. அரை மணிநேரம் நன்றாக ஓடி, சூடேறியதும் படம் உருளத் தொடங்கும் பெட்டிகள் பெரியப்பாவிடம் வரிசையாக வந்தன. காரணம் பெரும்பாலும் ஈயப்பற்றில் கண்ணுக்குத் தெரியாத விரிசல். சூட்டில் உலோகம் விரியும், தொடர்பு அறும்; ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். தலைமுடி உலர்த்தும் கருவியால் ஒரு மூலையைச் சூடாக்குவார், குளிர்விக்கும் தெளிப்பானை இன்னொரு மூலையில் அடிப்பார், பேனா முனையால் மெல்லத் தட்டுவார். எந்த இடத்தைத் தொட்டபோது கோளாறு வந்ததோ அந்த இடத்தில் மறுபடி ஈயம் வைப்பார். ஒழுங்கில்லாமல் வரும் கோளாறை நம் கண்முன்னே வரவழைக்க வேண்டும் என்பதே அந்த வித்தையின் சாரம். கணினித் தொழிலுக்கு வந்தபோது நான் கையோடு கொண்டுவந்த மூலதனமும் அதுதான்.

கணினி இந்தப் பக்கம் முதலில் தோட்டத்து ஆபீசுக்கும் கணக்கர் அலுவலகத்துக்கும்தான் வந்தது. வீட்டுக்கு வந்தது 1990-களில். அப்போது கணினி வாங்குவதென்றால் கோலாலம்பூர் ஜாலான் இம்பியில் இருந்த இம்பி பிளாசா. 1999-இல் லோயாட் பிளாசா திறந்த பிறகு கூட்டம் அங்கே நகர்ந்தது. கடைக்குக் கடை ஒரு விலைப்பட்டியலைக் கையில் திணிப்பார்கள். மதர்போர்டு தைவானிலிருந்து, சில்லு பினாங்கிலிருந்து, ஹார்டு டிஸ்க் ஒருவேளை பெட்டாலிங் ஜெயாவிலிருந்து, பெட்டி எங்கிருந்தோ. இன்டெல் 1972-இலேயே பினாங்கில் ஆலை திறந்துவிட்டது. தோட்டத்தை விட்டுப் போன எத்தனையோ தமிழ்ப் பெண்களுக்கு இத்தகைய மின்னணு ஆலைகள்தான் சோறு போட்டன. உலகத்துக்குப் பாகம் செய்த நாடு நம்முடையது. ஆனால் அந்தப் பாகங்களை ஒன்றுசேர்த்தது கடைப் பின்கட்டில் நிற்கும் ஒரு பையன். பெரிய நிறுவனங்கள் புதுக் கணினியைப் பல மணிநேரம் ஓடவிட்டுச் சோதித்து அனுப்பின. குறைபாடுள்ள பாகம் முதல் சில நாளிலேயே காலை வாரும் என்பது அவர்களுக்குத் தெரியும். பின்கட்டுப் பையனுக்கு அவகாசம் ஏது? விண்டோஸ் திரை வந்தால் போதும், பெட்டியை ஒட்டி அனுப்பிவிடுவான். மிச்சச் சோதனை வாங்கியவர் வீட்டில் நடந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் முதல் சந்தேகம் ரேம் மீதுதான் விழும். கணினி நினைவில் வைக்கும் ஒவ்வொரு எட்டு பிட்டுக்கும் ஒன்பதாவதாக ஒரு காவல் பிட் வைத்து, தவறு நேர்ந்தால் கண்டுகொள்ளும் ஏற்பாடு பழைய இயந்திரங்களில் இருந்தது. விலையைக் குறைக்கும் போட்டியில் 1990-களின் நடுவில் வீட்டுக் கணினிகளிலிருந்து அந்தக் காவலைத் தூக்கிவிட்டார்கள். நினைவுச் சில்லு தானாகவே தவறும் என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். 1978-இல் இன்டெல்லின் திமோத்தி மே, முர்ரே வுட்ஸ் இருவரும், சில்லை மூடிய பீங்கான் உறையில் கலந்திருந்த இம்மி அளவு யுரேனியமும் தோரியமும் வீசும் ஆல்ஃபா துகள்கள் நினைவில் இருக்கும் பிட்டைப் புரட்டிவிடுகின்றன என்று காட்டினார்கள். எங்கள் கடைகளில் கண்ட காரணம் அவ்வளவு ஆழமானதல்ல. ரேம் பலகையின் பல்லில் ஈரக்காற்றால் படிந்த மாசு. பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் பென்சில் அழிப்பானால் அந்தப் பொன்னிறப் பற்களைத் தேய்த்து, மறுபடி செருகினால் பாதிக் கணினிகள் எழுந்து உட்காரும். மோரிப் கடற்கரைப் பக்கம் குடியிருந்தவர்களின் கணினிக்கு இந்த வைத்தியம் அடிக்கடி தேவைப்பட்டது. மீதிப் பாதிக்கு, கிறிஸ் பிரேடி என்பவர் 1994-இல் எழுதிய மெம்டெஸ்ட் என்ற சோதனை நிரலை ஒரு பிளாப்பி வட்டில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுவோம். விடியும்போது திரையில் சிவப்பு வரி நின்றால் ரேம் கெட்டது. அந்த நிரலின் வாரிசுகளை இன்றும் நான் பயன்படுத்துகிறேன்.

ரேம் தப்பித்தால் அடுத்து மின்சாரம். 1990 செப்டம்பரில் தேசிய மின்சார வாரியம் தெனாகா நேஷனல் ஆனது. 1996 ஆகஸ்ட் 3 மாலையில் தீபகற்பம் முழுக்க இருண்டதை என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட பெரிய இருட்டு கணினிக்குப் பெரிய எதிரியல்ல. அது எல்லாருக்கும் தெரிந்துவிடும். விளக்குகூடச் சிமிட்டாத அளவுக்கு மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்வதுதான் ஆபத்து. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று ஓடுகிறது, ஒரு சுற்றுக்கு 20 மில்லிநொடி. நல்ல பவர் சப்ளைகூட மின்சாரம் இல்லாமல் ஒரு சுற்று அளவுக்குத்தான் மூச்சுப் பிடிக்கும். ஏர்கோண்டும் தண்ணீர்ப் பம்பும் ஓடத் தொடங்கும் நொடியில் கணினி தானாக மறுதொடக்கம் ஆனால், வைரஸைத் தேடிப் பயனில்லை. இதற்குமேல் இடி. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 நாள் இடி இடிக்கும். உலகிலேயே அதிகமாக இடிக்கும் பகுதிகளில் இதுவும் ஒன்று. தொலைபேசிக் கம்பி வழியே மின்னல் நுழைந்து மோடத்தைக் கருக்கிவிடும். மோடத்தோடு போனால் நல்லது. மதர்போர்டுக்குப் பாதி அடி விழுந்திருந்தால், அந்தக் கணினி ஆறு மாதம் விட்டுவிட்டு நிற்கும், அதன் பிறகுதான் சாகும்.

2000-ஆம் ஆண்டை ஒட்டி ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துக் கணினி வாங்க அரசு அனுமதித்தது. தோட்டத்து வேலையில் ஒட்டி ஒட்டிச் சேர்ந்த காசு, பிள்ளையின் படிப்புக்காகக் கணினியாக வீட்டுக்குள் வந்தது. சாமி அறைக்குப் பக்கத்தில் துணி போர்த்தி வைத்த கணினிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டிகளோடு இலவசமாக வந்த பவர் சப்ளைதான் பல வீடுகளில் வில்லன். வெளியே பெரிய வாட் எண்ணைப் போட்டு ஒட்டியிருப்பார்கள். திறந்தால் மின்மாற்றி சுண்டைக்காய் அளவு, வடிகட்டும் பாகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. கையில் தூக்கிப் பார்த்தே எடை போதாது என்று சொல்லிவிடுவேன். தட்டச்சு செய்யும்போது ஒன்றும் ஆகாது. பையன் விளையாட்டைத் திறந்து, சில்லும் படப்பலகையும் ஒரே நேரத்தில் மின்சாரம் கேட்டதும் திரை கறுக்கும். "கேம் வெளையாடித்தான் கெடுத்தான் அங்கள்" என்று அந்தப் பையனுக்குத்தான் வீட்டில் அடி விழும்.

தயாரித்தவர்களுக்கே காரணம் தெரியாத கதையும் உண்டு. 2000 ஜூலை கடைசியில் இன்டெல் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 சில்லை வெளியிட்டது. கணினிகளைச் சோதித்து எழுதும் டாம் பாப்ஸ்ட், கைல் பென்னட் போன்றவர்கள் அது சில வேலைகளில், குறிப்பாக லினக்ஸ் கருநிரலைத் தொகுக்கும்போது, நின்றுவிடுகிறது என்று கண்டார்கள். ஒரு மாதத்துக்குள் இன்டெல் அதைத் திரும்பப் பெற்றது. வேகப் போட்டியில் சில்லை அதன் எல்லைக்கே ஓட்டியதன் விளைவு அது. அந்தப் போட்டியின் மலிவுப் பதிப்பு உலகமெங்கும் சந்தைகளில் நடந்தது. 1990-களில் மெதுவான சில்லின் எண்ணைச் சுரண்டி, வேகமான சில்லின் எண்ணை அச்சடித்து விற்கும் கூட்டங்கள் இருந்தன. அத்தகைய கணினி காலைக் குளிரில் ஓடும், மதிய வெயிலில் நிற்கும். பயாஸில் வேகத்தை ஒரு படி இறக்கினால் கோளாறு மறையும். கோளாறு மறைந்த அந்த இடத்தில்தான் மோசடி வெளிப்படும்.

ஆனால் எங்கள் தொழிலை உலுக்கியது கப்பாசிட்டர் காலம்தான். 1999 தொடங்கி 2007 வரை, மதர்போர்டுகளில் சில்லைச் சுற்றி நிற்கும் சிறிய உருளைகள் உலகமெங்கும் வீங்கி வெடித்தன. மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது அவற்றின் வேலை. உள்ளே இருக்கும் மின்பகு திரவத்தில், அலுமினியத்தைத் தண்ணீர் அரிக்காமல் தடுக்கும் சேர்மானம் பல தைவான் தயாரிப்புகளில் சரியாக இல்லை. அரிப்பால் ஹைட்ரஜன் வாயு சேரும், குறுக்குக் கோடு போட்ட தலை உப்பும், பழுப்புக் கசிவு வெளியே வரும். ஜப்பானிலிருந்து களவுபோன அரைகுறைச் செய்முறைதான் காரணம் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. டெல் நிறுவனம் மட்டும் இந்தக் கோளாறுக்காக 2005-இல் 30 கோடி டாலரை ஒதுக்கியது.

எங்களுக்கு அது நோயும் பிழைப்புமாக இருந்தது. ஒன்றிரண்டு வயதுகூட ஆகாத கணினிகள். காலையில் பொத்தானை அழுத்தினால் எழாது; நாலைந்து முறை அழுத்தி, கொஞ்சம் சூடேறிய பிறகு எழும். ஓடிக்கொண்டிருக்கும்போது காரணமே இல்லாமல் நீலத்திரை காட்டும். விற்ற கடைகள் மதர்போர்டையே மாற்றச் சொல்லும். நான் புடுவுக்குப் பக்கத்தில் ஜாலான் பாசாருக்குப் போவேன். வானொலிப் பாகங்களுக்குப் பெரியப்பா போய்வந்த அதே தெரு. 105 டிகிரி தாங்கும் ஜப்பான் கப்பாசிட்டர்களைப் பொட்டலம் கட்டி வாங்கிவந்து, பழையதைப் பிடுங்கி, துருவம் மாறாமல் புதியதை வைத்து ஈயம் பற்றுவேன். பலகையின் நடுப்படலம் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். இரும்பு நல்ல வலுவாக இல்லாவிட்டால் ஓட்டைச் சுவர் பெயர்ந்து வந்துவிடும். பலகையைச் சரிபார்க்கத் தெரிந்தவனுக்கும், பலகையை மாற்றத் தெரிந்தவனுக்கும் வேறுபாடு வாடிக்கையாளருக்குத் தெரிந்தது அந்த ஆண்டுகளில்தான். தொலைக்காட்சிக் கடைகளில் தொழில் கற்ற பழைய கைகள் கணினிக்கு மாறிவந்ததும் அப்போதுதான்.

வன்பொருளே எல்லாவற்றுக்கும் காரணம் என்று எங்களுக்குக் கர்வம் ஏறியிருந்த நேரத்தில், 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு வந்தது. தெனாகா கம்பிக்கும் கப்பாசிட்டருக்கும் சம்பந்தமே இல்லாத கோளாறு. 2001-இல் வந்த ஸ்ட்ரீமிக்ஸ் அகலக்கற்றை அதற்குள் பந்திங் தாமான்களுக்கும் வந்திருந்தது. புத்தம் புதிய எக்ஸ்பி கணினியைப் பெட்டியிலிருந்து எடுத்து இணையத்தில் கோத்த சில நிமிடத்தில், 60 நொடியில் கணினி மூடப்படும் என்று திரையில் ஒரு பெட்டி தோன்றி எண்ணத் தொடங்கும். எத்தனை முறை திறந்தாலும் அதே கதை. என் மேசையில் இணையக் கம்பி இல்லாததால் அங்கே அந்தக் கணினி நிற்கவே நிற்காது. தொலைபேசியிலேயே வாடிக்கையாளருக்கு வழி சொன்னேன்: கட்டளைப் பெட்டியில் "ஷட்டவுன்", ஓர் இடைவெளி, ஒரு கோடு, "ஏ" என்ற எழுத்து. எண்ணுவது நிற்கும், அதற்குள் மைக்ரோசாப்ட்டின் ஒட்டுநிரலை இறக்கு. அடுத்த ஆண்டு சாசர் என்ற புழுவும் இதையே செய்தது. 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2 தீயரணைத் தானாகவே இயக்கி வைத்த பிறகுதான் ஓய்ந்தது.

அந்தச் சந்தேகக் காலத்தில் அநியாயமாகப் பழி சுமந்தது தமிழ் மென்பொருள். கோயில் நோட்டீசும் சங்க மலரும் அடிப்பவர்கள் கணினி நின்றால் உடனே, "தமிழ் எழுத்துரு போட்டதாலதான்" என்பார்கள். முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் பக்கத்துக் கேரித் தீவைச் சேர்ந்தவர் என்ற பெருமையோடு அந்தப் பழியை நான் தினமும் மறுக்க வேண்டியிருந்தது. எழுத்துருவை நீக்காமல் பவர் சப்ளையை மாற்றிக் காட்டியதும் வழக்கு முடியும்.

புகைமூட்டம் தனிக் கதை. 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானில் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குக் காற்று கெட்டது. குவாலா லங்காட்டில் கரிமண் நிலம் பற்றி எரிந்தால் ஊரே இருமும். கணினி விசிறியும் அந்தச் சாம்பலைத்தான் இழுக்கும். ஈரமும் சாம்பலும் சேர்ந்து கம்பளி போலப் படிந்துவிட்டால் சில்லு கொதித்துத் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். பவர் சப்ளைக்குள் குடியேறிய எறும்பும் பல்லியும் செய்த வேலைகளைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை காரணங்கள் இருக்க, இந்தத் தொழிலில் அதிகம் விற்ற மருந்து "பார்மட்". எந்த நோய்க்கும் ஹார்டு டிஸ்க்கைத் துடைத்து விண்டோஸை மறுபடி போடுவது. பிள்ளையின் கட்டுரையும் கல்யாணப் படங்களும் போய்விடும். கோளாறு இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வரும். ஒழுங்கில்லாத கோளாறின் இயல்பே அவ்வப்போது ஓய்வெடுப்பது. எதைச் செய்தாலும் கொஞ்ச நாள் குணமானதுபோல் தெரியும், அந்த இடைவெளியில்தான் பார்மட் வியாபாரம் செழித்தது. பெரியப்பாவின் பாடம் நேர் எதிர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதை எழுதி வை. முன்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்ததோ அதைவிட நீண்ட நாள் காத்திரு. கோளாறு அதற்கும் வராவிட்டால், கழற்றிய பழைய பாகத்தை மறுபடி மாட்டி, அது திரும்ப வருகிறதா என்று பார். திரும்ப வந்தால்தான் குற்றவாளி அகப்பட்டான். இதற்குப் பொறுமையுள்ள வாடிக்கையாளர் வேண்டும், நல்லதென்று உறுதியாகத் தெரிந்த உதிரிபாகங்கள் அலமாரியில் வேண்டும்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, பள்ளி வீட்டுக்குள் நுழைந்தபோது கணினி மறுபடி வீட்டின் உயிர்நாடியானது. தொழில் தேய்ந்துவிட்டது என்று நினைத்திருந்த எங்களுக்கும் வேலை வந்தது. அதன் பிறகு பழைய கேள்வி உலக அளவில் திரும்பியது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்வகை மேசைக்கணினிச் சில்லுகள் விட்டுவிட்டு நின்றன. விளையாட்டைத் திறந்தால் படப்பலகையில் நினைவகம் போதவில்லை என்று திரை சொல்லும். உலகம் முழுக்கப் பலர் குற்றமற்ற படப்பலகையை மாற்றிப் பார்த்தார்கள். சில்லே தன் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கி, உள்ளுக்குள் தேய்ந்துகொண்டிருந்தது என்பதை 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் நுண்நிரல் திருத்தம் கொடுத்து, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே தேய்ந்த சில்லைத் திருத்தம் குணப்படுத்தாது. மாற்றித்தான் ஆக வேண்டும். பல ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்கிய, அதிவேகமான, புத்தம் புதிய சாமான் அது.

ஆகவே கடைக்காரர் கேட்கும் கேள்விக்கு வரலாறு பதில் சொல்லிவிட்டது. புதுச் சாமான் கெடும். அதைச் செய்தவருக்கே தெரியாமலும் கெடும். லோயாட் பிளாசா திறந்த அதே 1999-இல்தான் மலேசியாவில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம் வாங்குபவருக்குக் கொடுத்த உறுதி. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்குப் பதிய ஐந்து வெள்ளிதான் கட்டணம், வழக்கறிஞர் வேண்டாம். கணினி வாங்கினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முதல் வாரத்திலேயே அதைக் கடுமையாக வேலை வாங்கிப் பாருங்கள். நின்றுபோனால் நாள், நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், திரையில் என்ன தெரிந்தது என்று ஒரு தாளில் எழுதி, கைப்பேசியில் படமும் பிடித்து வையுங்கள். பார்மட் அடிக்கக் கொடுத்துவிடாதீர்கள்; விற்றவரிடமே முதலில் கொண்டுபோங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் கடைக்காரரும் மறுக்க முடியாது, என்னைப் போன்றவன் வேலையும் பாதி முடிந்துவிடும்.